பாற்சோறு தின்றவள்

கல்லடிப் பாலத்தடியில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வன்னியில் கடைசிச் சண்டையில் செத்தவர்களை நினைத்து வருடா வருடம் மே மாதத்தில் தேங்காய்ச் சிரட்டையில் கொடுக்கும் வெறும் உப்புக் கஞ்சி. எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களில் ஒருத்தி திடீரென்று வரிசையை விட்டு விலகினாள்.

“எனக்குக் கஞ்சி வேணா மச்சாள். நான் அண்டைக்குப் பாற்சோறு திண்டவள்.”

“எண்டைக்கு?”

“சண்டையில வெண்டுட்டமெண்டு சந்தியில ஆமிக்காரனுகள் குடுத்தானுகளே, அண்டைக்கு.”

மற்றவள் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். “அத வேணாமெண்டு ஆரால சொல்ல ஏலும்? பயத்துல நானும்தான் வாங்கினனான். வா.”

“என்ட தங்கச்சி வன்னியில கஞ்சி வரிசையில நிக்கக்குள்ளதான் ஷெல் விழுந்து செத்தவள்.”

“அது உனக்கு மறுகா, கன நாள் கழிச்சுத்தானே தெரியும்.”

“ஓம். ஆனா அவள் அங்கதான் சண்டைக்குள்ள மாட்டிக் கிடக்காளெண்டு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சுகிட்டுத்தான் ரெண்டாந்தரமும் போய்க் கேட்டனான். பயத்துல இல்ல. சோத்தோட தந்த கட்டச்சம்பல் நல்லா இருந்திச்சி.”

முழங்கையைப் பிடித்திருந்த கை மெதுவாக விலகியது. வரிசையை விட்டுப் போனவளின் இடத்துக்கு நான் நகர்ந்தேன்.