மாப்பிள்ளை வைத்த உச்சத் தொகை

ஐயா, உங்கள் விசாரணைக் கடிதம் வந்து சேர்ந்தது. தமிழிலும் பதில் எழுதலாம் என்று போட்டிருந்தீர்கள், சந்தோஷம். பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினாறு வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதி எழுதியே தலை வழுக்கையானவன். தாய்மொழியில் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

உங்கள் இணைய ஏலத் தளத்தில் ஒரே கணினியிலிருந்து சென்னியப்பன், ஜெயசுதா என்ற இருவர் எப்படி ஒருவரை ஒருவர் எதிர்த்து ஏலம் கேட்டார்கள் என்பது உங்கள் கேள்வி. சென்னியப்பன் என் தங்கை நிர்மலாவின் கணவர். ஜெயசுதா என் மனைவி. அவளுக்கு உங்கள் தளத்தில் கணக்கு இருப்பது இந்த நிமிடம் வரை அவளுக்கே தெரியாது.

மாப்பிள்ளை ஒரு நிட்டிங் யூனிட்டில் பதினான்கு வருடம் ஒரே மிஷினை ஓட்டியவர். யூனிட்டை மூடியதும் அந்த மிஷின் உங்கள் தளத்தில் ஏலத்துக்கு வந்தது. அதை வாங்கிச் சொந்தமாகத் தொழில் தொடங்குவது என்று முடிவு செய்தார். நிர்மலாவின் நகைகளை விற்றார்கள். மகள் தரணியின் கல்லூரிப் பணத்தையும் அதில் போட்டார்கள். நேராக என்னிடம் வந்தார்கள். எங்கள் சொந்தத்தில் கம்ப்யூட்டர் விவகாரம் என்றால் நான்தான் மேதை. பிரிண்டரில் பேப்பர் சிக்கினால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

நான் பொறுமையாக விளக்கினேன். "உங்களால முடிஞ்ச உச்சத் தொகைய ஒரே தடவை சொல்லிப் போடோணுங்க மாப்ள. அது மறைவா இருக்கும். எதிராளி கேக்கக் கேக்க, தளம் உங்களுக்காக ஒவ்வொரு படியா ஏத்திக் கேட்டுக்கும். எதிராளி நின்னுட்டான்னா அதோட நின்னுக்கும். மிச்சம் உங்களுக்குத்தான்."

"அப்ப என்ற மனசுல இருக்கற தொகை ஒருத்தருக்கும் தெரியாதுங்களா மச்சான்?"

"ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாதுங்க."

"சாமிக்குத் தெரியோணுமில்லீங்க" என்றார்.

அடுத்த நாள் காலை முருகன் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டார். எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் அப்படித்தான். வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, சாமிக்குக் காது மந்தம் என்பது போலச் சத்தமாகக் கேட்டார். ஏழு லட்சத்துக்குச் சிவப்பு வந்தது. எட்டுக்கும் சிவப்பு. எட்டரைக்கு வெள்ளை வந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உங்கள் தளம் அத்தனை பூட்டுப் போட்டுக் காக்கும் ரகசியத்தை நான் பக்கத்தில் நின்று விபூதி பூசிக்கொண்டே கேட்டேன். அன்று மாலை அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

இன்னொரு காரியமும் செய்யச் சொன்னார். விசிட்டிங் கார்டு ஒன்று அடிக்க வேண்டுமாம். 'சென்னியப்பன், புரொப்ரைட்டர்' என்று டிசைன் செய்து கொடுத்தேன். அந்த இரண்டாவது சொல்லை அடிக்கும்போது என் நெஞ்சு எரிந்தது. காலையில் சாப்பிட்ட பஜ்ஜி என்று நினைத்துக்கொண்டேன். என் கார்டில் பதினாறு வருடமாக ஒரே பதவிதான் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவர் முதலாளியாவதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏலத்தன்று மதியத்துக்குள் மற்றவர்கள் எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள். விலை நான்கு லட்சத்து இருபதாயிரத்தில் மாப்பிள்ளை பெயரில் நின்றது. மாலை நான்கு மணிக்கு அந்த விலையிலேயே ஏலம் முடிந்திருந்தால் நகையில் பாதியைத் திரும்ப வாங்கியிருக்கலாம். தரணியும் படித்துக்கொண்டிருப்பாள். உங்கள் முறை சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கத்தான் ஜெயசுதா பெயரில் நான்கு லட்சத்து முப்பதாயிரம் போட்டேன். உடனே அவருடையது நான்கு நாற்பதானது. அருமையாக வேலை செய்தது, பாராட்டுகள். நான்கு ஐம்பது போட்டேன், அது அறுபதானது. இதோடு போதும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தேன். அப்படி இருபத்தொரு முறை நினைத்ததில் எட்டு நாற்பதுக்கு வந்துவிட்டது. இருபத்திரண்டாவதாக எட்டரை போட்டேன். தொகை சமமானால் முதலில் சொன்னவருக்கே என்பது உங்கள் விதி. அவர் பெயரே நின்றது.

கடைசி நொடியில் கேட்கிறவர்களைப் பற்றி உங்கள் தளத்தில் எச்சரிக்கை எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்குப் பயப்பட வேண்டியதில்லை ஐயா. எதிராளியின் உச்சம் தெரியாமல் குருட்டாம்போக்கில் கேட்கிறவர்கள். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஏழு நொடி இருக்கும்போது எட்டு அறுபது போட்டேன்.

நான்கு மணி ஒரு நிமிடத்துக்கு மாப்பிள்ளை கோயிலிலிருந்து கூப்பிட்டார். "மச்சான், கெடச்சுருச்சுங்களா?"

"கடைசி நொடில எவனோ டெல்லிக்காரன் போட்டுட்டானுங்க மாப்ள."

"சாமி எட்டரைதானுங்களே சொல்லுச்சு" என்றார். அவருக்கு நானே ஆறுதல் சொன்னேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அதற்குப் பிறகுதான் மேதைக்கு ஓர் உண்மை உறைத்தது. ஏலத்தில் ஜெயித்தவன் பணம் கட்ட வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு பழைய ஸ்கூட்டர். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தங்கை வீட்டுக்குப் போனேன். டெல்லிக்காரன் பின்வாங்கிவிட்டான், தளத்தில் பேசி ஜெயசுதா பெயருக்கு மாற்றி வைத்திருக்கிறேன், தோற்றவர் பெயருக்குப் பில் போட மாட்டார்களாம் என்றேன். அந்த விதியை நானே உண்டாக்கினேன். மாப்பிள்ளை எட்டரை லட்சத்தையும் கொடுத்தார். சாமி கணக்கில் குறைந்த பத்தாயிரத்தை என் கையிலிருந்து போட்டேன். நிர்மலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயி இல்லீன்னா நாங்க என்னண்ணா பண்ணியிருப்போம்" என்று அழுதாள்.

மிஷின் இப்போது அனுப்பர்பாளையத்தில் ஒரு ஷெட்டில் ஓடுகிறது. எனக்கு அதில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. மாப்பிள்ளைதான் ஓட்டுகிறார். மிஷின் யார் பெயரில் இருக்கிறதோ லாபம் அவர்களுக்கு, ஓட்டுகிறவருக்குச் சம்பளம் என்று விளக்கினேன். அவருக்கும் நியாயமாகத்தான் பட்டது. சனிக்கிழமை தவறாமல் கொடுத்துவிடுகிறேன். தரணியையும் எங்கள் கம்பெனியில் தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் வேலையில் சேர்த்துவிட்டேன். அதற்கு நான் எத்தனை பேரிடம் தலையைச் சொறிந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். இரண்டு கணக்கும் நான்தான். இருபத்துமூன்று முறையும் என் விரல்தான். தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். விசாரணை முடிவின் நகல் சென்னியப்பனுக்கும் தபாலில் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஆங்கிலத்திலேயே அனுப்புங்கள். அவர் என்னிடம்தான் எடுத்துக்கொண்டு வருவார். அவர் மனம் நோகாதபடி நான் படித்துச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கதிர்வேல்