சீதேவிப்பிள்ளையின் தகர வீடு

...இறங்கிக்கூடப் பாக்கல்ல மகள்! ரோட்டிலயே வாகனத்த நிப்பாட்டி, கண்ணாடிய இறக்கி, போட்டோ ஒண்டு எடுத்து, சிரிச்சுக் கையக் காட்டிப்போட்டுப் போறாங்க. ஒருக்காவா, ரெண்டு தரமா? சுனாமிக் கடல் வந்து மூணு வருசமாகப் போகுது. இந்தத் தேத்தாத்தீவில கல் வீடு கிடைக்காத ஒரே ஆள் இந்தச் சீதேவிப்பிள்ளதான். வீடு குடுக்கிற ஆக்கள்ல என்ட வாசல் வரைக்கும் வந்த முதல் ஆள் நீங்க. இரிங்க. ஐயோ, அந்தக் கதிரையில வேணாம், அதுக்கு மூணு கால்தான், நாலாவது செங்கல். இதில இரிங்க. பஸ் சீற். ஆடுதா? பஸ்ஸிலயும் ஆடினதுதானே.

பக்கத்து வளவு இராசாத்திக்கு வீடு வந்திட்டு. அவள்ட வீட்டு முற்றம் வரைக்கும்தான் அலை வந்த. ஒரு பானை மிதந்து போன, அவ்வளவுதான். அவளுக்குக் கல் வீடு! எனக்குச் சுவர், கூரை, கோழிக்கூடு எல்லாம் ஒரே அலையில போன. நானும் என்ட மகள் வதனியும் அண்டைக்குக் களுவாஞ்சிக்குடிச் சந்தையில நிண்டதால தப்பின. தகப்பன் இல்லாத பிள்ள. தறப்பாள் கூடாரத்துக்குள்ள எத்தின நாள் வைச்சிருக்கிற? நானே கட்டினன். கடையில ஒரு ஆணி வாங்கல்ல மகள். பழைய ஆணியக் கல்லில வைச்சுத் தட்டித் தட்டி நேராக்கினன். இந்த விரல் நகத்தப் பாருங்க. அதுவும் நேரா வரல்ல.

அந்தா குசினி. மேல பாருங்க. ஓம், தோணிதான். அலை கொண்டுவந்து தென்னையில சொருகின அரைத் தோணி. சொந்தக்காரர் காத்தான்குடி கச்சி முகம்மது வந்து பாத்தார். "தங்கச்சி, இது இனி மிதக்காது, நீங்களே வைச்சிக்கொள்ளுங்க" எண்டார். கூரையாக் கவிட்டு வைச்சன். கடலுக்கு ஒழுகின தோணி மழைக்கு ஒழுகல்ல, பாத்தீங்களா! இன்ஜின் பூட்டுற வெட்டுக்குள்ளால அடுப்புப் புகை போகும். தூரத்தில நிண்டு பாத்தா வீடு ஓடுற மாதிரி இரிக்கும்.

வாசல் தூண் ரெண்டும் ஆமிட காவல் சென்றிப் பீப்பா. நம்மட பக்கம் சண்ட முடிஞ்சு ரோட்டுச் சென்றிய எடுக்கக்க, ஆமிக்காரன்ட்டப் போய்க் கேட்டன். எனக்குச் சிங்களம் தெரியா, அவனுக்குத் தமிழ் தெரியா. நான் பீப்பாயக் காட்டினன். அவன் ஐடென்டிக் காட் கேட்டான். அதையும் காட்டினன். மறுகா அவனே உருட்டி விட்டான்... எங்க விட்டன்? ஆ, வதனி.

வதனிக்கு மாப்புள்ள பாத்திரிக்கு மகள். களுதாவளைப் பொடியன், சதீசன். அவனுக்குச் சம்மதம். தாய்க்காரிதான், "பொம்புளைக்கு வீடு இரிக்கா?" எண்டு கேட்டா. கேப்பாதானே. நம்மட பக்கத்தில பொம்புளைட வீட்டிலதானே மாப்புள்ள வந்து இரிக்கிற. வீடில்லாத பொம்புளைக்கு ஆரு தாலி கட்டுற? "இரிக்கு, வந்து பாருங்க" எண்டன். வந்தா. நீங்க இரிக்கிற சீற்றிலதான் இருந்தா. தோணிய நிமிந்து பாத்தா. "இது எப்ப பயணம் வெளிக்கிடும்?" எண்டு கேட்டுப்போட்டுப் போயிட்டா!

வாற ஞாயிறு நான் போய்ப் பதில் சொல்லணும். இல்லாட்டி அந்தப் பொடியனுக்கு வேற இடம். உள்ளுக்குள்ள பிள்ள அழுதுகொண்டு கிடக்கிறாள். அதனால வீட்டுக்கு என்ட பேர எழுதுங்க மகள், இண்டைக்கே எழு... ஏன் எழும்புறீங்க?

ஓ, வெளிச்சுவரப் பாக்கவா? பாருங்க, நல்லாப் பாருங்க! தகரமெண்டா அதுதான் தகரம். வீடு குடுக்கிற நிறுவனங்கள் குடுத்த வீட்டு வாசலில ஒரு தகரப் பலகை நட்டுப்போட்டுத்தானே போறாங்க. கச்சான் காத்துக்கு அது விழும். விழுந்தத நான் எடுத்தன். விழாததும்... ஒரு ரெண்ட ஆட்டிப் பாத்தன், பொய் சொல்லக்கூடாது. இந்தா, இது இராசாத்திட. கேட்டன், "கொண்டு போ கா, கோழி ஏறி நாசம் பண்ணுது" எண்டாள்.

எழுத்துப் பக்கத்த ஏன் வெளிய வைச்ச எண்டா கேக்கிறீங்க? பெயின்ட் இரிக்கிற பக்கம் உப்புக் காத்துக்குக் கறள் பிடியாது. ரோட்டால போறவங்களுக்கும் வடிவு. வெள்ளிக்கு வெள்ளி பழப்புளி போட்டுத் தேய்ப்பன். அரைக் கட்டைத் தூரத்துக்கு அங்கால நிண்டாலும் மினுங்கும்!

வாசிச்சதா? சுவர ஆராவது வாசிப்பாங்களா மகள்? தகரத்துட தடிப்பத்தான் பாத்த. சரி, நீங்க வாசிங்க. "இவ்வீடு எமது நிறுவனத்தின் அன்பளிப்பு." ஓம். அங்கால? "இவ்வீடு எமது..." ஓம், அதுவும் அப்பிடித்தான். அங்கால? அதுவுமா?

பொறுங்க. பொறுங்க மகள். அப்ப... வாகனத்தில வந்த ஆக்கள்... தங்கட தங்கட பலகையப் பாத்துப்போட்டு, இவக்கு வீடு குடுத்தாச்சு எண்டு... போட்டோவும் எடுத்து... சிரிச்சுக் கையையும் காட்டி... நானும் திருப்பிக் கையக் காட்டினனே!

உங்கட கையில இரிக்கிற லிஸ்டில என்ட பேருக்கு நேர எத்தின வீடு எண்டீங்க? திருப்பிச் சொல்லுங்க. பதினொண்டா!

நான்தான் ஆணியடிச்ச. என்ட இந்தக் கையாலதான். அடிச்சது காணாதெண்டு புளியும் போட்டு...

இப்பவே கழட்டுறன்! வதனி, சுத்தியல எடு! ...ஏலாதா? பட்டியல் முடிஞ்சிட்டா? பதினொரு வீடு இரிக்கிற ஆளுக்குப் பன்னெண்டாவது குடுக்க ஏலாதாமா?

...

சரி. வீட்ட விடுங்க. அந்த லிஸ்ட் கடதாசியில எனக்கொரு கொப்பி தாங்க. சீல் குத்தித் தாங்க. என்னத்துக்கா? ஞாயிறு களுதாவளைக்குக் கொண்டு போகத்தான். மகள்! ஏன் ஹெல்மெட்டப் போடுறீங்க? தேத்தண்ணி கொதிக்குது! மகள், பைக்க நிப்பாட்டுங்க! அந்த மனிசி ஒரு வீடு இரிக்கா எண்டுதானே கேட்டவ? பதினொண்டு இரிக்கு, எது வேணுமெண்டு அவவே பாத்து எடுக்கட்டும்!