இரண்டு டன்னும் இருபது பேரும்

“...மே மாசத்துல மனுஷன் குரங்கு குல்லா போட்டுக்கிட்டுத் தூங்கறாரு தம்பி. வெளிய சொன்னா சிரிப்பாங்க.”

ராஜா அண்ணாமலைபுரத்து மாடி வீட்டுப் படுக்கையறையில், ஸ்டூல்மேல் நின்று ஏசி மூடியைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் ஆசிஃபிடம் ஜொவிட்டா அம்மா முறையிட்டுக்கொண்டிருந்தாள். அவன் வாயில் ஸ்குரூவைக் கவ்வியிருந்தான். பதில் வராதது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

இந்த அறைக்கு ஒரு டன்னே தாராளமாம். கடைக்காரன் இரண்டு டன்னைத் தலையில் கட்டிவிட்டானாம். போட்ட மாத்திரத்தில் ஐஸ்பெட்டி, அப்புறம் தானாக நின்றுபோய் உடம்பெல்லாம் பிசுபிசு, மறுபடி ஐஸ்பெட்டி. போன வருஷம் வெயிலில் மாதாவிடம் கொஞ்சம் குளிர்ச்சி கேட்டது வாஸ்தவம்தான், அதற்காக இவ்வளவா? வீட்டுக்காரர் ஆரோக்கியநாதன் தீர்மானமாகச் சொல்லிவிட்டார், சின்னதாக மாற்றாவிட்டால் ஹாலில் பாய் போட்டுக்கொள்வாராம். கடையின் தப்பு என்று ஆசிஃப் ஒரு வார்த்தை சொன்னால் மாற்றித் தருவார்களாம்.

“ஆனா சனிக்கிழமை மட்டும் குறை சொல்ல முடியாது தம்பி,” என்றாள், குரலைத் தாழ்த்தி.

சனிக்கிழமைதான் தெருவிலுள்ள அன்பியக் குடும்பங்கள், அதாவது சர்ச் ஜெபக் குழுவினர், கூடிச் செபமாலை சொல்லும் நாள். போன வருஷம் இந்த வீட்டுப் புழுக்கம் தாங்காமல், ஏசி இருக்கிறதென்று எல்லாரும் எதிர்வீட்டு ஐவியிடம் போய்விட்டார்கள். நடுவில் வைத்துக் கும்பிடும் மாதா சிலை, அந்தச் சுரூபமும் கூடவே போயிற்று. அந்த மாசம் இவள் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த வருஷம் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு, இருபது பேரும் இங்கே தோளோடு தோள் உட்கார்ந்தார்கள். ஒருத்தருக்கும் வேர்க்கவில்லை. ஐவியே ‘சுகமா இருக்கு அக்கா’ என்றாள். சின்னதாக மாற்றினால் சுரூபம் மறுபடி எதிர்வீட்டுக்குத்தான்.

ஆசிஃப் திரும்பிப் பார்த்தான்.

“அப்படிப் பாக்காதீங்க. ரூம்ல எத்தன பேரு இருப்பீங்கன்னு கடைக்காரன் கேட்டான். இவரு ரெண்டு பேருன்னாரு. மே வருது, மாதாவோட மாசம், பொய் சொல்லலாமா? நான்தான் இருபதுன்னேன்.”

சொன்னது காதில் விழுந்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைக்காரனைத் திட்டியதற்கு மாதாவிடம் மன்னிப்புக் கேட்டு, அப்படியே துபாயிலிருக்கும் மகன் ரொனால்ட் ரிமோட்டைப் பற்றிச் சொன்ன புத்திமதிக்குப் போய், அங்கே வெயில் எப்படி என்பதுவரை வந்து நிமிர்ந்தால், ஸ்டூல் காலி. மூடி பழையபடி மாட்டியிருந்தது. வாசலில் செருப்பையும் காணோம்.

மிஷினை அண்ணாந்து பார்த்தாள். இது பெரிசில்லை, ஆள்தான் குறைச்சல். சிலுவை போட்டுக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள்.

“ஐவி, மாதா மாசத்துல சனிக்கிழமைக்கு எதுக்குக் காத்திருக்கணும்? தினமும் இங்கியே சொல்லிடலாம். இன்னிக்கே எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா.”

உள்ளே, ஹாலிலிருந்து வந்த ஆரோக்கியநாதன் குல்லாவைக் கழற்றிவிட்டுக் கட்டிலை நிமிர்த்த ஆரம்பித்தார்.