பேராசிரியைக்கு மதிப்பெண்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் கிளம்பிய பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் கம்பெனிச் சீருடையில் இருந்தாள். இளையவள் மனநல ஆலோசனைப் படிப்பு படிக்கிறவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“நேத்து எங்க மேடத்துக்கு நாங்க மார்க் போட்டோம்க்கா,” என்றாள் இளையவள்.

“டீச்சருக்கேவா?”

“ஆமாக்கா. மொத வாரமே, எங்க ஊரு கல்லாவின்னதும், ‘அங்க ஊரா, காலனியா’ன்னு கேட்டவங்க அவங்கதான். காலனின்னு சொன்னேன். அன்னியிலருந்து மத்தவங்ககிட்ட ஆலோசனைக்கு ஆளுங்கள அனுப்புவாங்க, எனக்கு ஃபைல் அடுக்குற வேலதான். ‘உன் பேச்சுக்கு யாரும் மனசு தொறக்க மாட்டாங்க’ன்னாங்க.”

“நீ சும்மாவா இருந்த?”

“ரெண்டு மாசம் அழுதேன். அப்பறம் யார்கிட்ட எத்தன பேர அனுப்புனாங்கன்னு ரெஜிஸ்டரப் பாத்து எழுதுனேன். காலனிப் புள்ளைங்க மூணு பேருக்கும் ஒருத்தருமே இல்ல. மூணு பேரும் கையெழுத்துப் போட்டு பிரின்சிபால்கிட்ட குடுத்தோம். விசாரிச்சாங்க. இப்ப எல்லாருக்கும் வரிசைப்படிதான் ஆளு. சொல்லிக்குடுக்கறவங்களுக்கு நாங்களும் மார்க் போடணும்னு விதியே வந்துருச்சு.”

“உனக்கு யாராச்சும் வந்தாங்களா?”

“போன வாரம் ஒரு அம்மா வந்தாங்க. ஒரு மணி நேரம் பேசுனாங்க.”

“என்ன பேசுனாங்க?”

“அத வெளிய சொல்லக்கூடாதுக்கா.” அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஆனா போறப்ப, ‘அடுத்த வாரமும் நீயே இரும்மா’ன்னு கேட்டாங்க.”