மெதுவான வரிசை

ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எனக்குப் பொறுக்காது. அடுத்தவர் வீடாக இருந்தாலும் எழுந்துபோய் அணைத்துவிட்டுத்தான் உட்காருவேன். "யாருக்குடா எரியுது இது?" என்று அக்கா கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் இத்தனை வருடம் பிழைப்பு நடத்தினேன் என்றுகூடச் சொல்லலாம்.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். கிளவுடில் வேலை. கிளவுட் என்பது மேகமும் இல்லை, மந்திரமும் இல்லை. எங்கோ குளிரூட்டிய கட்டடத்தில் வரிசையாக நிற்கும் கணினிகள், சர்வர்கள் என்போம். அவற்றை வாடகைக்கு எடுப்போம். கூட்டம் வந்தால் கூட்டி, கலைந்தால் குறைத்து, சும்மா ஓடுகிற ஒன்றைக்கூட விடாமல் தூங்கவைக்கும்படி வடிவமைத்துக் கொடுப்பவன் நான். தூங்குகிற சர்வரை எழுப்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும். புகைப்படம் ஏற்றுகிறவர் அதுவரை காத்திருந்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

கடைசியாக நான் சேர்ந்தது புகைப்பட நிறுவனம் அல்ல. தனியாக இருக்கும் வயதானவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பொத்தான் எங்களுடையது. அழுத்தினால் அழைப்பு சர்வருக்கு வரும். யார், எந்த வீடு, என்ன நோய் என்று தேடியெடுத்து, எங்கள் அழைப்பு மையத்தில் பேசும் பெண்ணிடம் சேர்க்கும். அவள் ஆம்புலன்ஸை அனுப்புவாள். அத்தான் இறந்த பிறகு அக்காவும் தனிதான். ஒரு பொத்தானை நானே கொண்டுபோய் மாட்டிவிட்டேன். "மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி கட்டுறியேடா" என்று சிரித்தாள்.

வேலையில் சேர்ந்ததும் ஒன்றைக் கவனித்தேன். அழைப்புகளில் பெரும்பாலானவை ஆபத்தே இல்லை. பெண் எடுத்துப் பேசினால், "ஒண்ணுமில்லம்மா, கை தவறிப் பட்டுடுச்சு" என்பார்கள். பிறகு முழங்கால் வலி, பேச்சுவார்த்தை நின்றுபோன பக்கத்து வீடு, மழை வருமா வராதா என்று விடாமல் பேசுவார்கள். இதைத் தாங்குவதற்காக அத்தனை சர்வர்கள் கண்விழித்திருந்தன. அதிகமாகக் கை தவறுவது யாருக்கு என்று தேடினேன். முதலிடம் அக்காவுக்கு.

நேரில் போய்க் கேட்டேன்.

"ஏன்க்கா சும்மா சும்மா அதை அழுத்துற? அவசரத்துக்குக் குடுத்ததுக்கா அது."

"தங்கமான பொண்ணுடா. சாப்டீங்களாம்மான்னு கேக்குது."

"அதுக்குச் சம்பளம் குடுக்குறாங்க, கேக்குது."

"நீ போனை எடுத்தா நான் ஏன்டா அதை அழுத்தப்போறேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே ஒரு தீர்வு கிடைத்தது. போனை எடுப்பது அல்ல, வடிவமைப்பைச் சொல்கிறேன்.

அழைப்புகளை இரண்டு வரிசையாகப் பிரித்தேன். ஒன்றுக்கு எப்போதும் விழித்திருக்கும் சர்வர்கள். அடிக்கடி கை தவறுகிறவர்களுக்கு இன்னொன்று, மெதுவானது. அதன் சர்வர்கள் தூங்கிக்கொண்டிருக்கும், அழைப்பு வந்தால்தான் எழும். கூட்டமான நேரத்தில் முதல் வரிசை தீர்ந்த பிறகே இந்த அழைப்புகள் பேசும் பெண்களிடம் போகும். பொறுமையிழந்து மறுபடி மறுபடி அழுத்தினால் அத்தனையும் ஒரே அழைப்பாகச் சேர்ந்துவிடும். அதுவும் என் யோசனைதான்.

எங்கள் குழுவில் 'டாக்டர்' என்று ஒருவன் உண்டு. படுத்துவிட்ட சர்வர்களை எழுப்புகிறவன் என்பதால் அந்தப் பட்டம். அவன் மட்டும் முணுமுணுத்தான்.

"சார், புலி வருது கதையில கடைசியில புலி வந்துச்சு சார்."

"அதுக்கு முன்னாடி எத்தனை தடவை வரல? ஊர்க்காரங்க கணக்குப் போட்டுத்தான்யா வீட்ல இருந்தாங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. பொதுவாகவே அவனுக்கு நகைச்சுவை உணர்வு குறைவு.

அந்த வெயில் நாளைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். நகரமெங்கும் மின்சாரம் போய், விசிறி நின்று, மதியத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே சமயத்தில் அழுத்தினார்கள். என் வடிவமைப்புக்கு அதுதான் முதல் உண்மையான சோதனை. மேலதிகாரிகள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். திரையில் காத்திருப்பு நேரத்தைக் காட்டும் கோடு ஆடாமல் அசையாமல் போனது. முதல் வரிசையில் ஒருவரும் காத்திருக்கவில்லை. "பிரமாதம்யா" என்று ஒருவர் தோளைத் தட்டினார். மெதுவான வரிசையில் சிலர் நின்றார்கள். அதில் அக்காவின் எண் இருந்தது.

பார்த்தேன். மறைக்கவில்லை. நானே பதிந்து கொடுத்த எண், தெரியாமல் இருக்குமா? அந்த எண்ணைத் தொட்டு முன்னால் நகர்த்தியிருக்கலாம். விரல் அங்கேதான் இருந்தது. ஆனால் ஒருவரைக் கையால் நகர்த்தினால் சோதனை கெட்டுவிடும். நம் வீட்டு ஆள் என்று சலுகை காட்டுவதும் முறையில்லை. மறுபடி அழுத்தினாள். சேர்ந்துகொண்டது. மறுபடியும். பேச்சுத்துணைக்குத்தான் அழுத்துகிறாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்பே மேசையில் என் கைபேசி அதிர்ந்தது. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. 'அக்கா' என்று காட்டியது. அதிகாரிகள் பார்க்கிறார்களே என்று கவிழ்த்து வைத்தேன். அதன் பிறகுதான் அவள் பொத்தானுக்குப் போயிருக்கிறாள். முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள்.

வரிசை நகர்ந்து அவள் முறை வந்தபோது அந்தத் தங்கமான பெண்தான் எடுத்தாள். "அம்மா, நான்தாம்மா. பேசுங்கம்மா" என்று அவள் கெஞ்சியதை நீங்களும் ஒலிப்பதிவில் கேட்டிருப்பீர்கள். ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தபோது அக்கா கதவோரம் உட்கார்ந்தவாறே இறந்திருந்தாளாம், பொத்தானைப் பிடித்தபடி.

இது பிழையா என்று கேட்டீர்கள். இல்லை. எதுவும் பழுதாகவில்லை, சொன்னதைச் சொன்னபடி செய்தது. அவளைக் காக்கவைத்தது நான். என் உயிரே அவள்தான் சார். அவளைவிட நான் யாரையும் நேசித்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விசாரணை முடியும்வரை எதையும் மாற்றக்கூடாது என்று நீங்கள் உத்தரவிட்டிருப்பதால், அவள் எண் இன்னும் மெதுவான வரிசையில்தான் இருக்கிறது. பொத்தான் என்னிடம் இருக்கிறது. தினமும் அவள் வீட்டில் போய் உட்கார்ந்து அழுத்துகிறேன். வரிசை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான், வேறொன்றுமில்லை. முதல் நாள் அந்தப் பெண் அழுதுவிட்டாள். இப்போது பழகிவிட்டது. "சொல்லுங்க சார்" என்கிறாள். கை தவறிப் பட்டுவிட்டது என்கிறேன். அவள் வைத்துவிடக்கூடாதே என்று, மழை வருமா என்று கேட்கிறேன்.