அறுபதாயிரம் மைல் டயர்

டெல்மர்: …அப்போ டயரு மொட்டைங்கறீங்க.

வெர்னா: மொட்டைன்னா மொட்டை. நாலும்.

டெல்மர்: நாலுமா?

வெர்னா: நாலையும் ஒண்ணாத்தானே போட்டீங்க, டெல்மர்? ஒண்ணாத்தான் போகும்.

டெல்மர்: ரெண்டு வருஷம் முன்னாடி இதே கல்லாவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, அறுபதாயிரம் மைல் கண்ணை மூடிட்டு ஓட்டலாம்னு சொன்னது யாரு? நீங்கதானே?

வெர்னா: கண்ணை மூடிட்டு ஓட்டச் சொல்லலை. கண்ணை மூடிட்டு வாங்குங்கன்னு சொன்னேன்.

டெல்மர்: கேரண்டி காகிதத்துல அச்சடிச்சே இருக்கு, வெர்னா. இப்போ முப்பத்தெட்டாயிரம்தான் ஆகியிருக்கு.

வெர்னா: காகிதத்து மைல் வேற, ரோட்டு மைல் வேற.

டெல்மர்: மைல் எல்லா இடத்துலயும் மைல்தானே…

வெர்னா: கம்பெனிக்காரன் எங்க ஓட்டிப் பாக்குறான்? டெக்சாஸ் பக்கம், வழவழன்னு தார் ரோட்டுல. வேளாவேளைக்குக் காத்து பாத்து, புள்ளத்தாச்சி மாதிரி பாத்துப்பான். அதுவும் முழுசா ஓட்டுறதில்லை. கொஞ்ச தூரம் ஓட்டி எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாத்துட்டு, மிச்சத்தை உக்காந்து கணக்குப் போட்டுருவான். உங்க வீட்டுக்குப் போற ஜல்லி ரோட்டை அவன் கனவுல கூட பாத்திருக்க மாட்டான்.

டெல்மர்: அந்த ஜல்லி ரோட்டுல இருபத்தாறு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியிருக்கேன் நான்.

வெர்னா: பஸ் டயர் வேற ரகம். விடுங்க… காபி தரட்டா?

டெல்மர்: காபி இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை நான் கிளம்பணும்.

வெர்னா: தெரியும். போன வாரமே சொன்னீங்க.

டெல்மர்: அரிசோனா. ஆயிரத்து அறுநூறு மைல். பொண்ணு கார்லா மாடியில ரூமெல்லாம் தயார் பண்ணிட்டா. அம்மா போனப்புறம் அப்பா அந்தப் பனியில தனியா கிடக்குறாரேன்னு அவளுக்கு ஒரே புலம்பல். திரைச்சீலை கூட தச்சு மாட்டியாச்சு.

வெர்னா: என்ன கலரு?

டெல்மர்: மஞ்சளாம்.

வெர்னா: மஞ்சள் உங்களுக்கு ஆகாதே.

டெல்மர்: திரைச்சீலையை நான் கட்டிக்கவா போறேன்?

வெர்னா: குளிர் முடிஞ்சதும் வந்துடுவீங்கதானே… எல்லாரும் அப்படித்தானே, அக்டோபர்ல போயிட்டு ஏப்ரல்ல…

டெல்மர்: வீட்டை வித்துட்டு ஒரேயடியா வந்துடுங்கறா.

வெர்னா: ஓ.

டெல்மர்: ம்.

வெர்னா: அப்போ இந்த டயரு கண்டிப்பா ஆகாது. பாதி வழி, டென்வரே தாண்டாது. தாண்டுனா என் காதை அறுத்துக்கறேன்.

டெல்மர்: அளந்து பாருங்க. ஆழம் அளக்க ஒரு குச்சி வச்சிருப்பீங்களே?

வெர்னா: உடைஞ்சுபோச்சு.

டெல்மர்: சட்டைப்பையில நீட்டிக்கிட்டிருக்கே, அது என்ன?

வெர்னா: பேனா.

டெல்மர்: பேனாவுல நம்பரெல்லாம் போட்டிருக்கு.

வெர்னா: புது மாதிரி பேனா. இருங்க, காசை வச்சே காட்டுறேன். ஒரு சென்ட் காசு இருந்தா குடுங்க… இந்தா, டயர் பட்டனுக்கு நடுவுல இருக்குற இந்தப் பள்ளத்துல விடுறேன். குனிஞ்சு பாருங்க. காசுல இருக்குற லிங்கன் தலை தெரியுதா?

டெல்மர்: முட்டி வலிக்குது… ம், தெரியுது.

வெர்னா: எவ்வளவு தெரியுது?

டெல்மர்: முடி, நெத்தி, காது, எல்லாந்தான். ஒரு குல்லாய் குடுத்தா சர்ச்சுக்கே கிளம்பிடுவாரு.

வெர்னா: தலை தெரிஞ்சா டயர் போச்சுன்னு அர்த்தம். ஊருக்கே தெரிஞ்ச சமாச்சாரம்.

டெல்மர்: ம்… ஊருக்கே தெரியும்.

வெர்னா: பாத்தீங்கல்ல. புது டயர் வர நாலு வாரமாவது ஆகும். அதுக்குள்ள பனி விழுந்துடும். அப்புறம் வசந்தத்துல பாத்துக்கலாம்.

டெல்மர்: மைனாட்ல பெரிய கடை இருக்கே. நாளைக்கே மாட்டிடுவான்.

வெர்னா: இந்த மொட்டை டயரோடயா அம்பது மைல் போவீங்க? என் உயிரு போனாலும் விடமாட்டேன்.

டெல்மர்: சரி, அப்போ கம்பெனிக்கு எழுதிப் போடுங்க. ஓடாத இருபத்திரெண்டாயிரம் மைலுக்கு அவன்தானே பொறுப்பு?

வெர்னா: அது… வேண்டாம்.

டெல்மர்: ஏன்?

வெர்னா: ஆள் அனுப்புவான். அளப்பான்.

டெல்மர்: அளக்கட்டுமே.

வெர்னா: ரொம்ப முரட்டு ஆளு அவன்.

டெல்மர்: டயர் அளக்குறதுக்கு என்னத்துக்கு முரடு?

வெர்னா: கேள்வி மேல கேள்வி கேட்டு உயிரை எடுப்பான், டெல்மர். காத்து பாத்தீங்களா, எவ்வளவு பாரம் ஏத்துனீங்க, எங்கெங்க போனீங்கன்னு… ஆமா, இருங்க. எங்கெங்க போனீங்க?

டெல்மர்: எங்க போவேன். இங்கதான்.

வெர்னா: சர்ச்சு ஒன்றரை மைல். மளிகைக்கடை மூணு. மீன் பிடிக்கப் போற ஏரி இருபது. வருஷம் பூரா சுத்துனாலும் நாலாயிரம் தேறாது. ரெண்டு வருஷத்துல முப்பத்தெட்டாயிரம் எப்படி?

டெல்மர்: அப்பப்போ பிஸ்மார்க் போவேன்.

வெர்னா: அப்பப்போன்னா?

டெல்மர்: வியாழக்கிழமையில.

வெர்னா: எந்த வியாழக்கிழமையில?

டெல்மர்: எல்லா வியாழக்கிழமையிலயும்.

வெர்னா: போக வர முந்நூறு மைலு. அங்க யாரு இருக்கா?

டெல்மர்: யாரும் இல்லை.

வெர்னா: யாரும் இல்லாத ஊருக்கு வாராவாரம் போறவரை இப்பத்தான் பாக்குறேன். யாரா இருந்தாலும் சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

டெல்மர்: சத்தியமா யாருமில்லை. ஒரு ஓட்டல்ல ருபார்ப் பை ஒரு துண்டு சாப்பிடுவேன், புளிப்பும் இனிப்புமா. திரும்பிடுவேன்.

வெர்னா: நல்லா இருக்குமோ?

டெல்மர்: சுமார்தான். நீங்க செய்யுற பை கிட்டக்கூட வராது.

வெர்னா: சுமாரான பலகாரத்துக்கு முந்நூறு மைலா? டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?

டெல்மர்: …வெர்னா, ஒண்ணு சொன்னா சிரிக்கக்கூடாது.

வெர்னா: சிரிக்கலை.

டெல்மர்: கண்ணாடியில ஒரு சீட்டு ஒட்டி விடுவீங்கல்ல. இத்தனை மைல் ஆனதும் வாங்க, முன் டயரைப் பின்னாடி மாத்திப் போடணும், காசு வேண்டாம்னு.

வெர்னா: ஆமா. அஞ்சாயிரத்துக்கு ஒரு தடவை. டயர் வாங்குன எல்லாருக்கும் உண்டு.

டெல்மர்: என் ஓட்டத்துக்கு அஞ்சாயிரம் ஆக ஒரு வருஷத்துக்கு மேல பிடிக்கும். அவ்வளவு நாளைக்கு ஒரு தடவைன்னா… எனக்குப் பத்தலை.

வெர்னா: ம்ஹ்க்…

டெல்மர்: சிரிக்க மாட்டேன்னீங்க.

வெர்னா: சிரிக்கலை. மூக்குல தூசி. ஏங்க, சும்மா வந்திருக்கலாமே.

டெல்மர்: டயர் கடைக்குச் சும்மா யாரு வருவா? இந்த ஊருல கார் கதவு சாத்துனா அடுத்த பண்ணையில காபி போட்டுக்கிட்டே அதைப் பத்திப் பேசுவாங்க.

வெர்னா: காத்து அடிக்கன்னு வந்திருக்கலாம்.

டெல்மர்: காத்து அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும். டயர் மாத்திப் போட முக்கால் மணி நேரம் ஆகுது.

வெர்னா: இருபது நிமிஷம்தான் ஆகும்.

டெல்மர்: எனக்கு எப்பவும் முக்கால் மணி ஆகுமே.

வெர்னா: உங்க கார்ல மட்டும் ஒவ்வொரு நட்டையும் கழட்டித் துடைச்சு மறுபடி மாட்டுவேன்.

டெல்மர்: …அப்படியா.

வெர்னா: இன்னொண்ணும் இருக்கு. கம்பெனி எழுதியிருக்கிறது ஏழாயிரத்து ஐந்நூறு மைலுக்கு ஒரு தடவை. உங்க சீட்டுல நான்தான் அஞ்சாயிரம்னு எழுதுனேன்.

டெல்மர்: கடைசி ரெண்டு தடவை நாலாயிரம்னு இருந்துச்சு.

வெர்னா: இன்னும் கொஞ்ச மாசத்துல பனி வந்துடுமே, அப்புறம் வரமாட்டீங்களேன்னு ஒரு பயம். சீக்கிரம் வரட்டும்னு…

டெல்மர்: அந்த நாலாயிரத்துக்காக நான் ஜூலை மாச வெயில்ல வாரத்துக்கு ரெண்டு தடவை பிஸ்மார்க் போனேன்.

வெர்னா: ஐயோ கடவுளே. உங்க டயரைத் தேய்ச்சதே நான்தானா.

டெல்மர்: பாதி நீங்க, பாதி நான்.

வெர்னா: டெல்மர்… பாவம் கட்டிக்கறது எனக்குப் பிடிக்காது. சொல்லிடறேன். டயர் அப்படி ஒண்ணும் தேயலை. தாராளமா அரிசோனா போகும். திரும்பியும் வரும்.

டெல்மர்: ம்.

வெர்னா: காசைத் தலைகீழா விடணும், தலை பள்ளத்துக்குள்ள போற மாதிரி. நான் நிமிர்த்தி விட்டேன். நிமிர்த்தி விட்டா புது டயர்ல கூட முழுத் தலை தெரியும்.

டெல்மர்: ம்.

வெர்னா: ம் ம்னா என்ன அர்த்தம்? கோவமா?

டெல்மர்: பஸ்ஸுல புள்ளைங்க ஏறுறதுக்கு முன்னாடி தினம் ஆறு டயருக்கும் காசு விட்டுப் பாத்தவன் நான். எந்தப் பக்கம் விடணும்னு எனக்குத் தெரியாதா?

வெர்னா: தெரிஞ்சேவா இவ்வளவு நேரம் கம்பெனிக்கு எழுதுங்க, மைனாட் போறேன்னு என்னை வறுத்தெடுத்தீங்க?

டெல்மர்: எவ்வளவு தூரம் தாக்குப் பிடிப்பீங்கன்னு பாத்தேன். பேனா வரைக்கும் போவீங்கன்னு நினைக்கலை.

வெர்னா: போதும், மானத்தை வாங்காதீங்க. சரி… சாவியைக் குடுங்க. காத்தெல்லாம் சரியா வச்சுத் தர்றேன். நல்லபடியா போய்ச் சேருங்க. கார்லா வழியைப் பாத்துக்கிட்டு இருப்பா.

டெல்மர்: பாக்க மாட்டா. நேத்தே போன்ல சொல்லிட்டேன்.

வெர்னா: நேத்தா? நீங்க டயரைக் காட்டுனதே இன்னைக்குத்தானே. என்னன்னு சொன்னீங்க?

டெல்மர்: டயர் நாலும் மொட்டையாம்மா, கடைக்காரம்மா உயிரு போனாலும் விடமாட்டேங்கறாங்கன்னு.