அதிராம்பட்டினத்துல நெட் இல்ல

மீன் வறுவல் ஆறிப்போச்சுன்னா நான் தொடமாட்டேங்க மேடம். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். நீங்க கேட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லாத மாதிரி இருக்கும். கொஞ்சம் பொறுங்க.

என் பேரு கிளமென்ட். உங்கப்பா இராஜாங்கம் ஐயாவோட விதைநெல் கம்பெனிக்கு, தஞ்சாவூர் ஹெட் ஆபீஸ்லேர்ந்து எல்லா பிராஞ்சுக்கும் மெயிலு, நெட்டு ரெண்டையும் வெளியிலேர்ந்து பாத்துக்குற கான்ட்ராக்ட் என்னோடது. பேரை ஏன் சொல்றேன்னா, ஹெட் ஆபீஸ்ல யாருக்கும் அது தெரியாது. "நெட்டுக்காரர் வந்துருக்காரு"ம்பாங்க. நான் போட்டது எல்லாம் ஓப்பன் சோர்ஸ். யார் வேணும்னாலும் உள்ள திறந்து பாக்கலாம், ஒளிவு மறைவே கிடையாதுன்னு சொல்லித்தான் உங்கப்பாகிட்ட வேலையை வாங்குனேன். பாக்கலாம்தான். யாரும் பாக்கல.

அதிராம்பட்டினம் பிராஞ்ச் மேனேஜர் செந்தாமரை மட்டும்தான் பேரைக் கேட்டாங்க. நெட்டு போச்சுன்னு நான் அங்க போனா, "மொதல்ல சாப்பிடுங்க கிளமென்ட் அண்ணே, நீங்க இல்லன்னா இந்த பிராஞ்ச் ஓடுமா"ன்னுட்டு, கூட வேலை பாக்குற பர்வின் வீட்டுலேர்ந்து கொடுவா மீன் வறுவல் சுடச்சுட வரவழைப்பாங்க. அந்த ஊர்ல நெட்டு அடிக்கடி போகும். உப்புக்காத்துன்னு ரிப்போர்ட் கொடுத்தேன். உப்புக்காத்தெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. தஞ்சாவூர்ல உக்காந்துகிட்டே நான்தான் நிறுத்துவேன்.

செந்தாமரைக்கு வீடு திருவாரூர்ல. தவழுற குழந்தையை நாத்தனார்கிட்ட விட்டுட்டு வந்து, அதிராம்பட்டினத்துல ரூம் எடுத்துத் தங்கியிருந்தாங்க. திருவாரூர் பிராஞ்சுக்கு மாத்திவிடுங்கன்னு உங்கப்பாவுக்கு மெயில் போட்டாங்க. எல்லா மெயிலும் என் சர்வர் வழியாத்தானே போகணும். உங்கப்பா பதில் உங்களுக்கே தெரியும், எதுக்கும் ஒரே வார்த்தை: "ஆகட்டும்." அந்த மெயிலைக் காட்டுனா போதும், எந்த பிராஞ்சுலயும் சேத்துக்குவாங்க.

அந்தப் பதிலை நான் தடுக்கலைங்க. தடுத்தா பாவம். பக்கத்துல ஒரு வார்த்தை சேத்தேன், அவ்வளவுதான். "ஆகட்டும், பார்க்கலாம்." கேக்க மரியாதையாத்தானே இருக்கு?

அவங்க நம்பிக் காத்திருந்தாங்க. முதலாளிக்கு போன் போட்டு நச்சரிக்கிற ஆள் இல்ல. ரொம்ப நாள் கழிச்சு மறுபடி எழுதுனாங்க. உங்கப்பா ஏற்கெனவே சொன்னதை ஞாபகம் வச்சுக்கிறவர் இல்ல, மறுபடியும் "ஆகட்டும்"னார். நானும் மறுபடி சேத்தேன்.

ஒருநாள் வறுவலை என் முன்னாடி வச்சுட்டு அங்கேயே நின்னாங்க. என்னம்மான்னு கேட்டேன். "பாப்பா நாத்தனாரை அம்மாங்குதுண்ணே. என்னைப் பாத்து சித்திங்குது"ன்னாங்க. வறுவல் ஆறிடுமேன்னு சாப்பிட்டேன்.

போன வாரம் அவங்க நேரா தஞ்சாவூர் வந்து, உங்கப்பா முன்னாடி மெயிலை நீட்டிட்டாங்க. "இல்லைன்னா இல்லைம்பேன். பார்க்கலாம்னு என் ஆயுசுல எழுதுனதில்லம்மா. அப்படிச் சொன்னா மறுநாளே ஆளு வந்து நிக்கும்"னாராம். அங்கதான் மாட்டுனேன். ஒரு மனுஷனோட மெயிலை இத்தனை வருஷம் படிச்சும் அது எனக்குப் பிடிபடல பாருங்க.

செந்தாமரை இப்ப திருவாரூர் போயிட்டாங்க. சந்தோஷம். போகும்போது என்கிட்ட ஒரு வார்த்தை பேசல, அதுதான் வருத்தம். நான் இல்லன்னா உங்கப்பா பதிலே அவங்களுக்குப் போய்ச் சேந்திருக்காது.

ஆமாங்க, நான்தான் செஞ்சேன். எழுதிக்குங்க. வேற எந்த பிராஞ்சுல யாருக்கு என்ன வார்த்தை சேத்தேன்னு கேக்குறீங்க. சுவாமிமலை பிராஞ்சுக்காரங்க நிம்மதியா இருக்காங்க, அவங்களை ஏன் இதுல இழுக்கணும்? சர்வர் பாஸ்வேர்டு என் ஒருத்தன்கிட்டதான் இருக்கு, அதை இன்னைக்கே கொடுத்துடணும்ங்குறீங்க.

ஆகட்டும், மேடம். பார்க்கலாம்.